‘மூக்கு பழகிவிட்டது’ என்னும் சாக்கு

நாற்றத்துக்கு நடுவே வாழ்பவர்களுக்கு நாற்றம் தெரியாது என்பது மும்பையில் அநேகமாக எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்ட கருத்து. டிராம்பே பற்றிப் பேச்சு வந்தால் இதுவும் கூடவே வரும். செம்பூரைத் தாண்டும்போது கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொள்பவர்கள், ‘அங்கேயே கிடப்பவர்களுக்கு எல்லாம் பழகியிருக்கும்’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த மக்கள் மனு எழுதிக்கொண்டு அலுவலகப் படி ஏறினால் அதே கருத்து வேறு வேடத்தில் எதிரே நிற்கிறது: மனித மூக்கு மட்டமான கருவி, ஆளுக்கு ஆள் மாறுவது, பயத்தில் இல்லாததையும் முகர்வது, ஆகவே இயந்திரம் காட்டாத நாற்றம் கணக்கில் வராது. இரண்டு பேச்சும் சேர்ந்து செய்யும் வேலை ஒன்றுதான். மூக்கு ‘இருக்கிறது’ என்று சொன்னால் அதை நம்புவதில்லை. ‘ஒன்றும் இல்லை’ என்று சொன்னால் உடனே நம்பிவிடுகிறார்கள்.

முகரும் நரம்பணுக்கள் வேலை செய்யும் விதம் இதைத் தலைகீழாகப் புரட்டிப் போடுகிறது. மூக்கின் ‘உண்டு’ வலுவான சான்று. அதன் ‘இல்லை’ எதற்கும் சான்றாகாது. இந்த உண்மையை நிலைநாட்டிய ஆராய்ச்சியின் முக்கியமான பகுதி மும்பையிலேயே தொடங்கியது என்பதால், இந்த நகரத்தில் பழைய கருத்து இன்னும் செல்லுபடியாவது கூடுதல் வருத்தம் தருகிறது.

முதலில் இடத்தைப் பார்க்க வேண்டும். 1954-ல் டிராம்பேயில் அணுசக்தி நிறுவனம் அமைந்தது. இன்றைய பாபா அணு ஆராய்ச்சி மையம் அதுதான். அதே ஆண்டிலும் அடுத்த ஆண்டிலுமாக இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன. பிறகு அனல் மின் நிலையம், 1960-களில் உரத் தொழிற்சாலை, மாகுல் பக்கம் ரசாயனங்களைத் தேக்கி வைக்கும் தொட்டிகள். வடக்கே 1927 முதல் நகரத்தின் குப்பையைச் சுமக்கும் தேவ்னார் மேடு. இவற்றுக்கு இடையில்தான் கோலி மீனவர்கள் பம்பாய் வாளையைக் கட்டிக் காயப்போடும் டிராம்பே கோலிவாடா இருக்கிறது. சீட்டா கேம்ப்பும் இருக்கிறது. அணு மையத்துக்கு அருகிலிருந்த ஜனதா காலனியை 1976 மே மாதத்தில் இடித்து, அங்கிருந்தவர்களைக் கொண்டுவந்து இறக்கிய இடம் சீட்டா கேம்ப். அவர்களில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அந்தக் காலனியின் தலைவராக இருந்து, பின்னால் 2000-ல் மகசேசே விருது பெற்ற ஜாக்கின் அற்புதம், குப்பை அள்ள வராத மாநகராட்சியின் அலுவலக வாசலிலேயே சிறுவர்களைக் கொண்டு காலனிக் குப்பையைக் கொட்டவைத்தவர். நாற்றம் பழகிப்போன மக்கள் செய்யும் காரியமா இது?

கோலிவாடாவின் கருவாட்டு வாடையும் மாகுலின் பெட்ரோலிய வாடையும் காற்றில் கலந்து ஒரே மூக்குத் துளைக்குள் போகின்றன. உள்ளே நடப்பது துல்லியமான வேலை. மூக்கின் மேற்கூரையில், கண்களின் மட்டத்தில், சில சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள சவ்வு ஒன்று உண்டு. அதில் லட்சக்கணக்கான முகர்நரம்பணுக்கள் நட்டுவைத்தாற்போல் நிற்கின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் மெல்லிய இழைகள் சளிப்படலத்துக்குள் விரிந்து கிடக்கும். மூளையோடு நேரே இணைந்த நரம்பணு ஒன்று வெளிக்காற்றை இவ்வளவு அருகில் எதிர்கொள்வது உடலில் வேறெங்கும் இல்லை. தூசி, புகை, கிருமி, ரசாயனம் எல்லாம் இவற்றின் மேல்தான் விழும். அதனால் இவை நீண்ட நாள் தாங்குவதில்லை. அடித்தளச் செல்களிலிருந்து புதியவை முளைத்து இடத்தை நிரப்புகின்றன. வயதுவந்த பிறகும் நரம்பணுக்கள் புதுப்பிக்கப்படும் மிகச் சில இடங்களில் மூக்கும் ஒன்று.

இழைகளின் மேல் ஏற்பிப் புரதங்கள் பதிந்துள்ளன. மணமூலக்கூறு ஒன்று ஏற்பியோடு பொருந்தியதும் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்னும் தூதுப்பொருள் பெருகும். அது சவ்வின் அயனி வாயில்களைத் திறக்கும். சோடியமும் கால்சியமும் உள்ளே பாயும். குளோரைடு வெளியேறி அந்த மின் மாற்றத்தை இன்னும் பெருக்கும். நரம்புத் துடிப்பு மூளைக்குக் கிளம்பும். சில மூலக்கூறுகளால் தொடங்கியது நொடியின் சிறு பங்குக்குள் மின் செய்தியாகிவிடுகிறது. இந்த ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்டு ஆக்செல் இருவரும் 1991-ல் கண்டுபிடித்தார்கள். 2004-ல் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. எலிக்கு ஆயிரத்துக்கும் மேல், மனிதருக்கு வேலை செய்யும் நிலையில் ஏறத்தாழ 400.

இந்த 400 என்ற எண்ணைக் காட்டித்தான் மனித மூக்கு மட்டம் என்று சொல்லப்படுகிறது. அதற்கும் முன்னால், 1879 வாக்கிலேயே, பிரெஞ்சு உடற்கூறியலாளர் பால் புரோக்கா, மூளையின் மொத்த அளவோடு ஒப்பிட்டால், மணச் செய்தியை முதலில் வாங்கும் மூளைப் பகுதியான முகர்குமிழ் மனிதனுக்குச் சிறியது என்று சொல்லி, மனிதனை முகர்திறன் குன்றிய உயிர்களின் வரிசையில் வைத்தார். அவர் யாருடைய முகர்திறனையும் சோதித்துப் பார்த்துச் சொல்லவில்லை. ஜான் மெக்கேன் 2017-ல் ‘சயன்ஸ்’ இதழில் இதை அலசி, முகர்குமிழில் உள்ள நரம்பணுக்களின் எண்ணிக்கை பாலூட்டிகளிடையே பெரிதாக வேறுபடுவதில்லை என்பதையும், சில மணங்களில் மனிதரின் நுட்பம் நாயையோ எலியையோ மிஞ்சுவதையும் எடுத்துக்காட்டினார். சமையல் வாயுவில் எத்தில் மெர்காப்டானைக் கலக்கிறார்களே, அதன் பொருள் என்ன? காற்றில் நூறு கோடியில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்ற அளவிலேயே மனித மூக்கு அதைப் பிடித்துவிடும் என்று நம்பித்தான் நாடு முழுவதும் சிலிண்டர்கள் வீடு வீடாகப் போகின்றன. சமையலறையில் உயிர்காக்கும் கருவியாக ஏற்றுக்கொண்ட மூக்கை மனுவில் மட்டும் மட்டம் என்று தள்ளுவது நியாயமே இல்லை.

ஏற்பிகள் 400 என்பதால் மனிதர் முகரக்கூடிய மணங்களும் 400 என்று ஆகிவிடாது. ஒரு நரம்பணு ஒரே வகை ஏற்பியைத்தான் தாங்கும். ஆனால் ஒரு மூலக்கூறு பல ஏற்பிகளைத் தூண்டும், ஓர் ஏற்பி பல மூலக்கூறுகளுக்கு மசியும். ஒரே வகை ஏற்பியுள்ள நரம்பணுக்கள் சவ்வில் எங்கெங்கோ சிதறிக் கிடந்தாலும், அவற்றின் இழைகள் மண்டையோட்டின் சல்லடைத் துளைகளைக் கடந்து முகர்குமிழில் குளோமெருலஸ் எனப்படும் குறிப்பிட்ட சில உருண்டைகளில் வந்து கூடுகின்றன. எந்தெந்த உருண்டைகள் எவ்வளவு துடிக்கின்றன என்ற கோலமே அந்த மணத்தின் அடையாளம். பக்கத்து உருண்டைகளை அடக்கும் தடுப்பு நரம்பணுக்கள் அந்தக் கோலத்தின் விளிம்புகளைக் கூர்மையாக்குகின்றன. பிறகு செய்தி பிரிஃபார்ம் புறணிக்கும், அச்சமும் நினைவும் உருவாகும் அமிக்டலாவுக்கும் போகிறது. பார்வையும் கேள்வியும் தாலமஸ் வழியாகச் சுற்றிப் போக, முகர்தல் மட்டும் நேர்வழியில் போகிறது.

இந்தக் கோலத்தைப் படிக்க உதவிய உயிர் பழ ஈ. ஹோமி பாபா 1945-ல் தொடங்கிய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், அவருடைய அழைப்பின் பேரில் 1962-ல் மூலக்கூறு உயிரியல் பிரிவைத் தொடங்கியவர் ஒபைது சித்திக்கி. கொலாபாவில் இருந்த அந்த ஆய்வகம் டிராம்பேயின் அணு மையத்துக்கு உடன்பிறப்பு போன்றது. இரண்டும் பாபா வளர்த்தவை, இரண்டும் அணுசக்தித் துறையின் கீழ் உள்ளவை. நைரோபியிலிருந்து டப்ளின் வழியாக வந்து சித்திக்கியிடம் சேர்ந்த வெரோனிகா ரோட்ரிக்ஸ், ஈக்களின் முகர்தலையும் சுவையையும் மரபியல் வழியில் பிரித்தெடுக்க முற்பட்டார். சோதனை எளிமையானது. ஆங்கில ஒய் எழுத்தின் வடிவில் ஒரு கண்ணாடிக் குழாய். ஒரு கிளையில் மணம், மறு கிளையில் வெறும் காற்று. கவட்டையில் வந்து நிற்கும் ஈ எந்தப் பக்கம் திரும்புகிறது என்று எண்ண வேண்டியதுதான். ஆயிரக்கணக்கான ஈக்களை இப்படிச் சலித்து எடுத்ததில் விந்தையான சில வகைகள் அகப்பட்டன. சில ஈக்களுக்கு ஆல்டிஹைடு வகை மணம் எட்டவில்லை. மற்ற மணங்களை அவை இயல்பாக உணர்ந்தன. வேறு சிலவற்றுக்கு அசிட்டேட்டுகள் எட்டவில்லை. இந்தக் குறைகள் எக்ஸ் குரோமோசோமில் உள்ள மரபணுக்களைச் சேர்ந்தவை என்று 1978-ல் சித்திக்கியும் ரோட்ரிக்ஸும் எழுதினார்கள். பக்–ஆக்செல் கட்டுரைக்கு 13 ஆண்டுகள் முன்னால்! கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஈக்குக் கொடுத்து, மணம் பட்டபோது மூளையின் எந்த உருண்டை அதிகம் உழைத்தது என்று 1980-களில் ரோட்ரிக்ஸ் படம் பிடித்ததும் இந்தத் துறையின் முன்னோடி வேலைகளில் ஒன்று.

‘ஒருவருக்கு நாறுகிறது, இன்னொருவருக்கு நாறவில்லை, ஆகவே நாற்றம் மனப்பிரமை’ என்று சொல்பவர்களுக்கு அந்தக் கண்ணாடிக் குழாயிலேயே பதில் இருக்கிறது. முகர்திறனில் ஆளுக்கு ஆள் வேறுபாடு வருவது உடலின் மரபணுக்களால். மனிதரிடமும் இது காட்டப்பட்டிருக்கிறது. ஆண்ட்ரோஸ்டெனோன் என்னும் பொருள் சிலருக்கு மூத்திர நெடியாகவும் சிலருக்கு இனிய மணமாகவும் படும். சிலருக்கு ஒன்றுமே தெரியாது. ஒரே ஏற்பி மரபணுவில் உள்ள மாறுபாடு இதில் பெரும் பங்கு வகிப்பதாக 2007-ல் தெரியவந்தது. நிறக்குருடு உள்ளவருக்குச் சிவப்பு விளக்கு தெரியவில்லை என்பதற்காகச் சாலையில் சிவப்பு விளக்கே இல்லை என்று எந்த நீதிமன்றமும் சொல்லாது. பத்துப் பேரில் ஆறு பேர் ஒரே நேரத்தில் ஒரே வாடையைச் சொன்னால் அந்த ஆறு பேரின் சொல்தான் சான்று. தெரியாத நால்வரின் மௌனம் அதை அழிக்காது.

இனி, ‘பழகிவிட்டது’ என்பதற்கு வரலாம். பழகுதல் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் வெவ்வேறு நிகழ்ச்சிகள் அடைபட்டுக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காததால்தான் இவ்வளவு குழப்பம்.

ஒன்று நரம்பணுவுக்குள்ளேயே நடப்பது. உள்ளே பாய்ந்த கால்சியமே, கால்மோடுலின் என்னும் புரதத்தோடு சேர்ந்து, திறந்த வாயிலின் கூர்மையைக் குறைக்கிறது. நொடிகளில் நடக்கும் இந்த மழுங்கல் ஒரு வசதி. அடித்துக்கொண்டே இருக்கும் பழைய மணத்தைச் சற்றுத் தள்ளிவைத்து, அடுத்து வரும் புது மணத்துக்கு இது இடம் கொடுக்கிறது. வெளிக்காற்றில் அந்தப் பொருள் ஓர் இம்மியும் குறைவதில்லை.

இன்னொன்று மூளையில் நடப்பது. டிராம்பேயைப் பற்றிய பேச்சுக்கு இதுதான் முக்கியம். டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் பெங்களூருக் கிளையான தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த ரோட்ரிக்ஸும், டப்ளினைச் சேர்ந்த மணி ராமசாமியும், அவர்களுடைய மாணவர்களும் சேர்ந்து செய்த ஆய்வு 2011-ல் வெளிவந்தது. ரோட்ரிக்ஸ் அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். ஈக்களை அரை மணி நேரம் ஒரு மணத்தில் வைத்தார்கள். வேறு சிலவற்றை நான்கு நாள் வைத்தார்கள். அந்த மணத்திலிருந்து விலகி ஓடும் வழக்கத்தை ஈக்கள் குறைத்துக்கொண்டன. ‘பழகிவிட்டது’ என்பது இதுதான். ஆனால் ஈயின் உணர்கொம்பில் உள்ள ஏற்பி நரம்பணுக்கள் முன்போலவே செய்தி அனுப்பிக்கொண்டிருந்தன. மாறியது அடுத்த கட்டம். செய்தியை மேலே கொண்டுபோகும் நரம்பணுக்களின் மேல் தடுப்பு நரம்பணுக்களின் பிடி இறுகியிருந்தது. அந்தப் பிடி இறுக, நினைவாற்றலுக்குத் தேவையான ‘ருடபாகா’ என்ற மரபணு தடுப்பு நரம்பணுக்களில் வேலை செய்தாக வேண்டும். பழகுதல் என்பது ஒரு வகைக் கற்றல். ஒரு மணத்தை ஒதுக்க வேண்டுமானால் மூளை அதை அடையாளம் கண்டிருக்க வேண்டும். கண்டபடியே இருக்கவும் வேண்டும்.

அதே ஆய்வில் வந்த மற்றொரு முடிவு, டிராம்பே மக்களைப் பற்றிச் சொல்லப்படும் மிகக் கொடுமையான பேச்சை உடைக்கிறது. ஒரு மணத்துக்குப் பழகிய ஈ வேறொரு மணத்துக்குப் பழகியதாக ஆகிவிடவில்லை. எத்தில் பியூட்டிரேட்டை ஒதுக்கக் கற்ற ஈ கரியமில வாயுவிலிருந்து வழக்கம்போல விலகியது. அந்தந்த மணத்துக்கு உரிய உருண்டையில் மட்டும்தான் பிடி இறுகுகிறது. கருவாட்டின் டிரைமெத்தில் அமீனை உணரும் ஏற்பி வேறு, மெர்காப்டானை உணரும் ஏற்பிகள் வேறு. கோலிவாடாவில் பிறந்து வளர்ந்தவர் கருவாட்டு வாடையைக் கவனிக்காமல் இருக்கலாம்; அதனால் தொட்டிகளிலிருந்து கசியும் ஆவி அவருக்குத் தெரியாமல் போகும் என்பதற்கு நரம்பியலில் எந்த ஆதாரமும் இல்லை. ‘நாற்றத்திலேயே பிறந்தவர்கள்’ என்று ஒரு மக்கள் கூட்டத்தின் மூக்கை மொத்தமாகத் தள்ளிவைப்பது சாதிப் பேச்சின் மிச்சம். அறிவியல் என்ற போர்வை அதற்குப் பொருந்தாது.

மனிதரிடமும் இதைச் சோதித்தாகிவிட்டது. பிலடெல்பியாவில் உள்ள மோனெல் மையத்தைச் சேர்ந்த பமேலா டால்டன், சார்லஸ் வைசாக்கி இருவரும் 1996-ல் வெளியிட்ட ஆய்வில், தன்னார்வலர்கள் ஒரு மணத்தைத் தங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு வாரம் வைத்திருந்தார்கள். அந்த மணத்தின் மேல் அவர்களுடைய உணர்வு மங்கியது. வேறு மணங்களின் மேல் மங்கவில்லை. மணத்தை வீட்டிலிருந்து எடுத்த பிறகும் மங்கல் உடனே நீங்காமல் நாள்கணக்கில் தொடர்ந்தது. இந்த மங்கல் இல்லாதவர்கள் நெடுநாள் கழித்து வெளியூரிலிருந்து திரும்புகிறவர்களும், புதிதாகக் குடிவந்தவர்களும்தான். விடுமுறைக்குத் திருநெல்வேலி போய்விட்டு வந்த குடும்பம், மான்கூர்டு தாண்டியதும் ‘வந்துட்டோம்’ என்று மூக்கைப் பொத்துகிறதென்றால், அந்த நிமிடத்தில் அவர்களுடைய மூக்கு சொல்வதுதான் உள்ளூர் நிலையின் சரியான அளவு. பத்து நாள் கழித்து அதே குடும்பம் ஒன்றும் சொல்லாமல் இருப்பது, காற்று திருந்திவிட்டதற்குச் சாட்சி ஆகாது.

மூன்றாவது வகை மிக ஆபத்தானது. ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் மிகக் கீழான அளவிலேயே அழுகிய முட்டையாக நாறும். ஏறத்தாழ 100 பங்கைத் தொட்டதும் சில நிமிடங்களில் முகர்நரம்பே செயலிழக்கிறது. நாற்றம் மறைந்துவிடும். மலக்குழிக்குள்ளும் சாக்கடைத் துளைக்குள்ளும் இறங்கியவர்கள் இந்தியா முழுவதும் செத்துப்போனதற்குப் பின்னால் இந்த வாயு பல முறை இருந்திருக்கிறது. மேலே நிற்பவர் மூடியைத் திறந்ததும் மூக்கைப் பிடிக்கிறார். உள்ளே கால்வைத்தவர் நாற்றம் குறைந்ததாக நினைத்து இன்னும் ஒரு படி இறங்குகிறார். அந்த ஒரு படியில் கைகால் விழுகிறது. தூக்கிவிட அடுத்தவர் குதிக்கிறார், அவரும் திரும்புவதில்லை. கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்து 2013-ல் சட்டம் வந்த பிறகும் இந்தச் சாவுகள் நிற்கவில்லை. ‘நாற்றம் தெரியவில்லை, ஆகவே ஆபத்தில்லை’ என்ற கருத்து எத்தனை பேரைக் கொல்லக்கூடியது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம்.

நாறாத நஞ்சும் உண்டு. கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதிப்பட்டது. இந்தியாவின் 2009-ஆம் ஆண்டுக் காற்றுத் தர வரம்பு அதற்கு ஆண்டுச் சராசரியாகக் கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் மட்டுமே அனுமதிக்கிறது. அந்த வரம்பைப் பல நூறு மடங்கு தாண்டினால்தான் மனித மூக்குக்குப் பென்சீன் வாடை தெரியத் தொடங்கும். எண்ணெய் ஆலைப் பக்கம் நிற்கும் ஒருவர் ‘இன்று ஒன்றும் தெரியவில்லை’ என்றால், அது அவருடைய மூக்கின் எல்லையைத்தான் காட்டுகிறது.

மாகுலைப் பற்றிய விவாதத்தில் இன்னொரு கலப்படமும் நடக்கிறது. கண் எரிச்சல், தொண்டைக் கமறல், நெஞ்சடைப்பு எல்லாவற்றையும் ‘நாற்றப் புகார்’ என்ற ஒரே கணக்கில் எழுதிவிடுகிறார்கள். இவை முகர்நரம்பின் வேலையே கிடையாது. முகத்துக்கு வரும் ஐந்தாம் மூளை நரம்பான முக்கிளை நரம்பின் நுனிகள் கண்ணிலும் மூக்கிலும் வாயிலும் பரவிக் கிடக்கின்றன. தொண்டைக்கும் மூச்சுக்குழாய்க்கும் வேறு நரம்புகள் இதே பணியைச் செய்கின்றன. அமோனியா, அமில ஆவி, அக்ரோலின் போன்றவை திசுவைத் தாக்கும்போது இவை வலியாகவும் எரிச்சலாகவும் எச்சரிக்கின்றன. இரண்டையும் பிரிக்க ஒரு நேர்த்தியான சோதனை உண்டு. வெறும் மணமாக இருக்கும் பொருளை ஒரு மூக்குத் துளையில் மட்டும் செலுத்தினால், எந்தப் பக்கம் என்று யாராலும் சொல்ல முடியாது. எரிக்கும் பொருளாக இருந்தால் சட்டென்று சொல்லிவிடுவார்கள். ‘ஒரு பக்கமாகச் சுள்ளென்று ஏறுது’ என்று சொல்லும் நோயாளி, தன்னையறியாமல் முக்கிளை நரம்பின் வாக்குமூலத்தைத் தருகிறார். கே.இ.எம். மருத்துவமனை 2013-ல் மாகுல், அம்பாபாடா மக்களிடம் நடத்திய ஆய்வில், 67.1 சதவீதம் பேர் மாதத்தில் மூன்று முறைக்கு மேல் மூச்சுத் திணறலும், 86.6 சதவீதம் பேர் கண் எரிச்சலும், 84.5 சதவீதம் பேர் நெஞ்சு அடைப்பதுபோன்ற உணர்வும் இருப்பதாகச் சொன்னார்கள். மூக்கு பழகலாம், கண் எரிச்சல் இந்த எண்ணிக்கையில் இருக்கும் ஊரில் ‘எல்லாம் பழகிவிட்டது’ என்ற பேச்சுக்கே இடமில்லை. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015 டிசம்பரில் இந்த ஆய்வையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் மக்கள் பக்கம் நின்றது. 2020 ஆகஸ்டில் நான்கு நிறுவனங்கள் மீது ஏறத்தாழ 286 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது.

எதிர்த்தரப்பின் வாதங்களில் மதிப்புள்ள ஒன்று உண்டு; அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ‘இது கேடு விளைவிக்கும் ரசாயனம்’ என்று சொல்லி ஒரு மணத்தைக் கொடுத்தால், முகர்பவர்கள் அது வலுவாக இருப்பதாகவும் உடம்புக்கு முடியவில்லை என்றும் கூடுதலாகச் சொல்வார்கள். ‘இது இயற்கையான சாறு’ என்று சொல்லி அதையே கொடுத்தால் விரைவில் பழகிக்கொள்வார்கள். இதையும் டால்டன்தான் காட்டினார். மூளையின் மேல் மட்டத்திலிருந்து முகர்குமிழுக்குத் திரும்பி வரும் இணைப்புகள் ஏராளம் என்பதால் இது நடக்கக்கூடியதே. புகாரில் பயம் கலக்கலாம் என்பது உண்மை. ஆனால் அந்தச் சோதனை இரு பக்கமும் வெட்டுகிறது. பயமுறுத்தினால் புகார் கூடும் என்றால், அரை நூற்றாண்டாக ‘ஒன்றும் ஆகாது’ என்று சொல்லி வைக்கப்பட்ட ஊரில் புகார் குறைந்துதான் இருக்கும். சீட்டா கேம்ப்பிலிருந்தும் மாகுலிலிருந்தும் வரும் புகார்கள் மிகையானவை என்று முடிவு கட்டுவோர், அவை குறைவானவையாக இருக்கலாம் என்ற மறுபாதியையும் அதே ஆய்விலிருந்து ஏற்றாக வேண்டும்.

கருவியை நம்பலாம், மூக்கை நம்ப முடியாது என்ற வாதம் கடைசியாக வரும். கருவி அளப்பது எதை? தர வரம்புகளில் பல 24 மணி நேரச் சராசரியாக எழுதப்பட்டவை. பத்து நிமிடம் வீசிவிட்டுப் போகும் ஆவி ஒரு நாளில் 144-ல் ஒரு பங்கு. அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு பொருள் வழக்கத்தைவிட நூறு மடங்கு ஏறினாலும் நாள் சராசரி இரண்டு மடங்கைக்கூடத் தொடாது. மூக்கு ஒவ்வொரு மூச்சுக்கும் தனித்தனியாக அளக்கிறது. குளிர்கால இரவில் தரைக்காற்று குளிர்ந்து மேலெழாமல் தேங்கும்போது, தொட்டியிலிருந்து கசிந்தது சந்துகளிலேயே படுத்துக்கிடக்கும். விடியலில் காற்று கிளம்பியதும் கலைந்துவிடும். காலை பத்து மணிக்கு அளவெடுக்க வருபவருக்கு அது கிடைக்காது. 2019 செப்டம்பர் 19 இரவும், 2020 ஜூன் 6 இரவும் செம்பூர், காட்கோபர், பொவாய் எனப் பல பகுதிகளில் மக்கள் வாயு நாற்றம் அடிப்பதாகச் சொன்னார்கள். தீயணைப்பு வண்டிகள் அலைந்தன. குழாய் வாயு நிறுவனம் தன் குழாய்களில் கசிவு இல்லை என்று அறிவித்தது. பல கிலோமீட்டர் இடைவெளியில், ஒருவரையொருவர் அறியாத மனிதர்கள், ஒரே சில மணி நேரத்துக்குள் ஒரே வகை வாடையைச் சொன்னது தற்செயலாகாது. யார் எந்தத் தெருவில் எத்தனை மணிக்குச் சொன்னார்கள் என்று வரைபடத்தில் வைத்துக் காற்றின் திசையோடு பொருத்தினால், அந்த மூக்குகளே ஊற்றுக்கண்ணை நோக்கிக் கை நீட்டியிருக்கும்.

மூக்கை அளவுகோலாக வைத்து ஆளுவது கற்பனையும் அல்ல. ஐரோப்பாவில் 2003 முதல் இதற்கென்று ஒரு தர நெறி இருக்கிறது. பியூட்டனால் என்னும் பொருளைக் கொடுத்து, அதை நூறு கோடியில் 20 முதல் 80 பங்குக்குள் உணர்பவர்களை மட்டும் குழுவில் எடுக்கிறார்கள். அதிகக் கூர்மையுள்ளவரும் அதிக மந்தமானவரும் வெளியே. காற்று மாதிரியைத் தூய காற்றோடு படிப்படியாகக் கலந்து அவர்களுக்குக் கொடுத்து, குழுவில் பாதிப்பேர் உணரும் புள்ளியிலிருந்து நாற்ற அலகைக் கணக்கிடுகிறார்கள். உரிமம் தருவதும் மறுப்பதும் அந்த எண்ணை வைத்து நடக்கிறது. மனித நரம்பணுவின் வேறுபாடு, பழகுதல், மழுங்கல் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, ஓய்வு இடைவெளி விட்டு, ஒருவருக்குப் பலமுறை சோதித்து, கட்டப்பட்ட முறை இது. மூக்கின் குறைகளை அறிந்தவர்கள் அதைத் தூக்கி எறியவில்லை, அளந்து பயன்படுத்துகிறார்கள்.

இந்தியாவில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2008-ல் நாற்ற மாசு பற்றி வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டது. அதற்கு அடுத்த ஆண்டு வந்த தேசியக் காற்றுத் தர வரம்புகளில் 12 மாசுகள் இடம்பெற்றன. அமோனியாவும் பென்சீனும் அவற்றில் உண்டு, நாற்றம் இல்லை. வழிகாட்டியை வரம்பாக்க வேண்டும். டிராம்பே, மாகுல், தேவ்னார் மக்களிலிருந்தே பயிற்சி பெற்ற முகர்குழுக்களை அமைக்க வேண்டும். நிரந்தரமாக அங்கேயே இருப்பவர்களோடு, பழகி மங்காத மூக்குள்ள வெளியாரையும் சேர்க்க வேண்டும். புகார் வந்த நிமிடத்திலேயே காற்றைப் பிடித்து அடைக்கும் வெற்றுக் கலன்கள் வார்டு அலுவலகத்தில் தயாராக இருக்க வேண்டும். கண் எரிச்சலையும் வாடையையும் தனித்தனிக் கட்டங்களில் எழுத வேண்டும். புகார்ப் பதிவேட்டில் ‘பழகிவிட்டது’ என்ற குறிப்போடு எந்த மனுவையும் மூடக் கூடாது.